பனிக்கு அடியிலுள்ள கடல்: 'புதைகடல்' பொருந்துமா?

> வியாழனின் யூரோப்பா, சனியின் என்செலடஸ் போன்ற நிலவுகளில் பனி ஓட்டுக்கு அடியில் இருக்கும் கடலை 'அடிப்பரப்புப் பெருங்கடல்' எனலாமா?

ஐயா, வணக்கம். 'அடிப்பரப்பு' என்றதும் கடலின் தரைதான் நினைவுக்கு வருகிறது. 'உள்கடல்' நிலம் சூழ்ந்த கடலோடு குழம்பும். 'ஆழ்கடல்' வேறு பொருளில் ஊன்றிவிட்டது.

என் பரிந்துரை 'புதைகடல்'. புதைமணல், புதைபடிவம் என நமக்குப் பழகிய வடிவம்தான். புதைகடல் நிலவு, புதைகடல் உலகம் என்று மேலும் ஒட்டிக்கொண்டே போகலாம். பொருளும் இசைகிறது. இந்தக் கடல்களை எவரும் நேரில் கண்டதில்லை. தடயம் வைத்துத்தான் துப்பறிந்தார்கள். யூரோப்பா சுற்றும் இடத்தில் வியாழனின் காந்தப்புலம் ஏறத்தாழ 11 மணி நேரச் சுழற்சியில் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் நிலவுக்குள் மின்னோட்டம் தூண்டப்பட்டு எதிர்ப்புலம் எழுவதைக் கலிலியோ விண்கலத்தின் காந்தமானி பிடித்தது. பனிக்கட்டி அப்படி மின்சாரம் கடத்தாது, உப்புநீர் கடத்தும்.

என்செலடஸ் அவ்வளவு அழுத்தக்காரன் இல்லை. சுமார் 504 கி.மீ. விட்டமே உள்ள அந்தப் பொடி நிலவு, தென்துருவப் பிளவுகள் வழியே தன் கடலைத் தானே பீய்ச்சுகிறது. 2005-இல் இதைக் கண்ட காசினி விண்கலம், பிற்பாடு அந்தத் தாரைக்குள்ளேயே புகுந்து போய் உப்பையும் கரிமச் சேர்மங்களையும் ஹைட்ரஜனையும் அளந்தது.

> ஓரிடம் உயிர் வாழ ஏற்றதாக இருக்கும் தன்மையைக் 'குடியேறு தகுதி' எனலாமா?

இது வேண்டவே வேண்டாம். மனிதர் வீடு கட்டப் போவதாக எண்ணிவிடுவார்கள். நீர், தேவையான தனிமங்கள், ஆற்றல் மூன்றும் ஓரிடத்தில் கூடுகின்றனவா என்பதே கேள்வி. உயிர் இருக்கிறதா என்பது அடுத்த படி. 2024 அக்டோபரில் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் விண்கலம் முதல் கேள்விக்காகத்தான் போகிறது. அதை 'உயிர் தேடும் கலம்' என்று தலைப்பிடுவோரைத் திருத்த நம்மால் ஆகாது. 'வாழ்தகவு' போதும்.

> 'புதை' என்றால் மேலே இருந்தது பிறகு மூடப்பட்டதாகப் பொருள் வராதா? 'பனியடிக்கடல்' தெளிவாக இருக்கிறதே.

வந்தால் வரட்டும் ஐயா. மேலே உறைந்து ஓடாகியிருப்பதும் தண்ணீர்தானே! 'பனியடிக்கடல்' வியாழனின் இன்னொரு நிலவான கானிமீடில் இடறும். அங்கே கடலுக்கு மேலும் பனி, கீழும் உயரழுத்தப் பனி என்று கருதுகிறார்கள். அடியில் பனி உள்ள கடலா, பனிக்கு அடியில் உள்ள கடலா?

யூரோப்பா, என்செலடஸ் கடல்களை உறையவிடாமல் வைத்திருக்கும், கோளின் ஈர்ப்பு நிலவைக் கசக்குவதால் பிறக்கும் வெப்பத்துக்கு 'ஓதவெப்பம்' என்று எழுதி வருகிறேன். மறுப்பு உண்டா?