டெட்லிஃப்ட்: 100 கிலோவில நாரி வளையுது, பெல்ட் போட்டால் சரிவருமோ?

கேள்வி:
வெள்ளவத்தையில ஒரு சின்ன ஜிம், ஏசி இல்லை. 80 கிலோ வரைக்கும் டெட்லிஃப்ட் (நிலத்தில கிடக்கிற பாரை, அதாவது தட்டுப் போட்ட இரும்புத் தண்டை, தூக்கி நிமிர்றது) ஒழுங்கா வருது. 100 வச்சால் பார் கிளம்பேக்கையே நாரி வளையுது, இடுப்பு முந்தி மேல எழும்புது. கடைசி செட்டில கையும் வழுக்குது, மூச்சும் வாங்குது. இடுப்பில இறுக்கிக் கட்டுற பெல்ட் வாங்கவோ?

பதில் 1:
பெல்ட்டைப் பிறகு பாப்பம் தம்பி. பாரில என்ன தட்டுப் போடுறீங்கள்? என்ன சப்பாத்து?

கேட்டவர்:
பக்கத்துக்கு நாலு 10 கிலோ இரும்புத் தட்டு, சின்னன். ஓடுற சப்பாத்துத்தான் அண்ணா.

பதில் 1:
பாதிப் பிரச்சினை அங்கதான் இருக்கு. போட்டித் தட்டின்ர விட்டம் 45 செ.மீ., அதனால பாரின்ர நடு நிலத்திலயிருந்து 22.5 செ.மீ. உயரத்தில நிக்கும். சின்னத் தட்டெண்டால் பார் இன்னும் பள்ளத்தில கிடக்கும், அதை எட்டிப் பிடிக்கவே முதுகு வளைஞ்சிடும். 80இலயும் அதே பள்ளம்தான், பாரம் குறைவெண்டதால தாக்குப்பிடிக்குது. அளந்து பார்த்து, குறையிற அளவுக்குத் தட்டுகளுக்குக் கீழ ரப்பர் பாயோ தடிச்ச பலகையோ ரெண்டு பக்கமும் சமனா வையுங்கோ. மெத்தெண்ட சப்பாத்தையும் கழட்டுங்கோ. தட்டையான அடி வேணும், அல்லது வெறும் சொக்ஸ் போதும், ஜிம்மில விட்டால்.

இடுப்பு முந்தி எழும்புறது ஸ்குவாட் மாதிரிக் கீழ குந்துறதால. பார் பாதத்தின்ர நடுவுக்கு மேல, கணைக்காலுக்கும் அதுக்கும் இடையில ரெண்டு விரல் இடம். முதல்ல பாரைப் பிடியுங்கோ, பிறகு கணைக்கால் பாரில முட்டுமட்டும் முழங்காலை மடியுங்கோ. அதோட நிப்பாட்டுங்கோ, இடுப்பை அதுக்குமேல இறக்கவேண்டாம். நெஞ்சை நிமிர்த்தி, அக்குளை இறுக்கி, வயிறு நிறைய மூச்செடுத்து அடக்குங்கோ. பாருக்கும் தட்டுக்கும் இடையில கிடக்கிற தளர்வை மெல்ல இழுத்தெடுங்கோ, ஒரு சின்ன 'டிக்' கேட்கும். அதுக்குப் பிறகுதான் நிலத்தைக் காலால தள்ளுறது. வெடுக்கெண்டு இழுத்தால் அந்த இடத்திலயே முதுகு போயிடும்.

70 கிலோவுக்கு இறங்கி 4 செட், செட்டுக்கு 5 தடவை. பார் நிலத்தை விட்டு 3 செ.மீ. எழும்பினதும் ரெண்டு செக்கன் நிறுத்தித் தூக்குங்கோ. ஒவ்வொரு தடவையும் நிலத்தில முழுசா வச்சு, மூச்சைப் புதுசா எடுக்கவேணும். பக்கத்திலயிருந்து வீடியோ எடுங்கோ. முதுகு நேரா நிண்டால் மட்டும் கிழமைக்கு 2.5 கிலோ ஏத்தலாம்.

பதில் 2:
கை வழுக்கிறதுக்கு: கொழும்பு ஈரக் காத்தில வியர்வை காயாது. செட்டுக்கு முந்தித் துவாயால நல்லாத் துடைச்சிட்டு சோக் (பிடி வழுக்காமல் இருக்கப் பூசுற வெள்ளைத் தூள்) பூசுங்கோ. ஈரக் கையில பூசினால் களியாகி இன்னும் வழுக்கும். பாரை உள்ளங்கை நடுவில பிடியாதேங்கோ, விரல் தொடங்கிற மடிப்பில பிடியுங்கோ. ஸ்ட்ராப் (மணிக்கட்டில மாட்டிப் பாரில சுத்துற பட்டி) கடைசி செட்டுக்கு மட்டும்.

பதில் 3:
மூச்சு வாங்கிறதுக்கு முதல் மருந்து ஓய்வு. செட்டுக்கிடையில 3 நிமிசம் விடுங்கோ, ஃபேனுக்குக் கிட்ட நிண்டு. டெட்லிஃப்ட் இல்லாத ரெண்டு நாளில மரைன் டிரைவில 30 நிமிசம், கதைச்சுக்கொண்டு போகக்கூடிய வேகத்தில வேகநடை போதும். வெயில் இறங்கின பிறகு போங்கோ. தூக்கப் போற அண்டைக்கு ஓடவேண்டாம்.

கேட்டவர்:
அப்ப பெல்ட் வேண்டாமோ?

பதில் 1:
வயித்தை இறுக்கப் பழகினாப் பிறகு 100க்கு மேல போடலாம். வளையிற முதுகை அது நிமிர்த்தாது. நாரி நோ காலுக்கு இறங்கினாலோ கால் விறைச்சாலோ தூக்கிறதை நிப்பாட்டி டொக்டரிட்டக் காட்டுங்கோ.