தண்ணி நிக்கிற நிலத்துல எருமைப்புல் வருமா?

கேள்வி: அண்ணே, வீட்டுக்குப் பின்னாடி 10 சென்ட் பள்ளம், மழை பெஞ்சா கணுக்கால் அளவு தண்ணி நிக்குது, மாட்டுக்கு கோ-4 ரக தீவனப்புல் நட்டு வேர் அழுகிப்போச்சு. எருமைப்புல் போடலாமா, விதை எங்க கிடைக்கும்?

பதில்: தாராளமா போடுங்க தம்பி. விதை தேடாதீங்க, அதுல விதை சரியா பிடிக்காது. முத்தின தண்டை 3 கணு வர்ற மாதிரி வெட்டி, 2 கணு சேத்துக்குள்ள போறாப்ல சாய்ச்சு ஊனுங்க, கணுவுக்கு கணு வேர் விட்டு படர்ந்துரும். முதல் அறுப்பு 75-80 நாள், அப்புறம் 40-45 நாளுக்கு ஒருக்கா. கணுவுல பூனைமுடி மாதிரி இருக்கும், அதான் அடையாளம்.

இன்னொரு பதில்: வாய்க்கால்ல மட்டும் விட்றாதீங்க, எங்க ஊர்ல துண்டுத்தண்டு மிதந்துபோயி மதகையே அடைச்சிருச்சு, ரெண்டு நாள் அரிவாளோட நின்னோம்.

கேட்டவர்: ரொம்ப நன்றிண்ணே, வரப்பை உசத்திட்டு ஊனுறேன்.