புதுப்பிப்பு: விண்டோஸ் 7 கணினிகளில் மட்டும் வெள்ளைத் திரை – காரணம் பிடிபட்டது

முன்பு கேட்டது: பில்லிங் வலைச்செயலி புதிய கணினிகளில் ஓடுகிறது, விண்டோஸ் 7 கணினிகளில் குரோமில் வெறும் வெள்ளைத் திரை. ரேமோ கேச்சோ காரணமில்லை.

எஃப்12 அழுத்தி கன்சோலைப் பார்த்தால் ஒரே சிவப்பு வரி: 'டுசார்ட்டட்' (toSorted, பட்டியலை வரிசைப்படுத்திப் புதிய நகலாகத் தரும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை) என்றொரு ஃபங்ஷனே இல்லை என்கிறது. விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி குரோம் 109; அந்த அரே மெதட் (பட்டியல் மீது இயங்கும் ஃபங்ஷன்) சேர்ந்ததோ 110-இல். ஒரே ஒரு பதிப்பு வித்தியாசம்! அதே கணினியில் ஃபயர்பாக்ஸ் 115-இல் சரியாக ஓடியதற்கும் இதுதான் காரணம், அதில் இந்த மெதட் உண்டு.

செயலியின் கோடைத் தொகுக்கும் கருவியான வீட்டில் (Vite) பில்டு டார்கெட்டை, அதாவது எந்த உலாவிக்காகத் தொகுப்பது என்பதை, குரோம் 109 என்று மாற்றியும் பலனில்லை. பலரும் இடறும் இடம் இது: வீட் சின்டாக்ஸை (கோடு எழுதும் வடிவத்தை) மட்டுமே பழைய வடிவத்துக்கு மாற்றும், இல்லாத மெதடைச் சேர்த்துத் தராது. கோர்-ஜேஎஸ் பாலிஃபில்லை (உலாவியில் இல்லாத மெதடை ஈடுகட்டும் கோடு) முதன்மைக் கோப்பின் முதல் வரியிலேயே இம்போர்ட் செய்ததும் பக்கம் திறந்தது. அவசரத்துக்கு டுசார்ட்டடுக்குப் பதில் அரேயை ஸ்லைஸ் போட்டு நகலெடுத்து, அதில் சார்ட் செய்தாலும் போதும்.

பட்டன் நிறங்கள் மட்டும் இன்னும் காணோம். அது தனிச் சிக்கல்: அந்த நிறங்களை எழுதிய ஓகேஎல்சிஎச் (oklch) நிற முறை குரோம் 111-இல்தான் வந்தது, கன்சோலில் பிழைச் சத்தமே இருக்காது. பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் கருவியான டெய்ல்விண்ட் 4-க்கும் குரோம் 111 வேண்டும், ஆகவே 3.4-க்குத் திரும்புவதே மேல்.

சோதிக்கும்போது புதிய குரோமில் யூசர் ஏஜென்ட்டை (உலாவி தன் பெயரையும் பதிப்பையும் சொல்லும் வரி) மட்டும் மாற்றினால் பிழை வராது. அசல் 109-இலேயே பார்க்க வேண்டும்.