மானிட்டர் வாங்கப் போன இடத்தில் உங்களை உறுத்திய ஒரு நிமிடம்

திருவல்லிக்கேணி மெய்ப்பு

சென்னை ரிச்சி தெருவில், எலெக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றில் நடந்த ஒன்று மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது, எழுதிவிடுகிறேன். என் வேலை தமிழ்ப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது. பழைய மானிட்டர் பாதி இருண்டுபோனதால் புதுசு வாங்க வேண்டிய கட்டாயம். கடைப் பையன் 27 இஞ்ச் ஃபுல் எச்டி ஒன்றைக் காட்டினார். திரையில் மீன்கள் நீந்துகின்றன, பவளப்பாறை மின்னுகிறது. "தம்பி, மீன் போதும். இந்தப் பென்டிரைவில் ஒரு பிடிஎஃப் இருக்கு, அதைத் திறங்க" என்றேன். ஏ4 பக்கம் மேலிருந்து கீழ்வரை திரையில் அடங்கும்படி வைக்கச் சொன்னேன். நான் வேலை பார்ப்பது அப்படித்தான்.

புள்ளிகளைக் காணோம். "அவனைக் கண்டதும்" என்று வர வேண்டிய இடத்தில் ககரத்துக்கு மேலே புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை; மற்ற ஒற்றுகளின் மேலே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு கறை. பக்கத்திலேயே 27 இஞ்ச் 4கே ஒன்று இருந்தது. அதே பக்கத்தை அதில் திறந்தார். மற்ற ஒற்றுகளின் மேலெல்லாம் புள்ளி கறுப்பாக, உருண்டையாக, எழுத்தை விட்டு விலகி நிற்கிறது. பையன் இரண்டு திரையையும் மாறி மாறிக் குனிந்து பார்த்துவிட்டு, "மேடம், இந்த வரியில 'க' மேல புள்ளியே இல்ல. அந்தத் திரையில இருக்கா இல்லையான்னே சொல்ல முடியலையே" என்றார். புள்ளி விட்டுப்போன இடத்தைத் தமிழ் மெய்ப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவர் நின்ற நிலையில் கண்டுபிடித்துவிட்டார்!

ஃபுல் எச்டி என்றால் 24 இஞ்ச் ஆனாலும் 27 ஆனாலும் அதே 1920க்கு 1080 பிக்சல்தான். 24-ல் இஞ்சுக்குச் சுமார் 92 பிக்சல், 27-ல் 82. 4கே என்றால் அகலத்திலும் உயரத்திலும் அதைப்போல இரண்டு மடங்கு பிக்சல், அதனால் 27 இஞ்சில் 163. நாள் முழுக்கத் தமிழ் படிக்கிறவர்கள் 27-ல் ஃபுல் எச்டி வாங்கவே கூடாது என்பது என் முடிவு.

துரைப்பாக்கம் நைட் ஷிப்ட்

அக்கா, 4கே சரி. ஆனா கேபிளைப் பத்தி யாருமே வாயைத் திறக்கறதில்ல, அதான் எனக்கு ஆத்திரம். ஃப்ரெண்ட் ஒருத்தன் ஆசை ஆசையா 4கே வாங்கி மாட்டிட்டு, நடுராத்திரி போன் பண்ணான். "மவுஸ் என் கை பின்னாடியே இழுத்துக்கிட்டு வருதுடா, பேனல் கோளாறு, திருப்பிக் குடுக்கப் போறேன்"னான். நேர்ல போய்ப் பார்த்தேன். அம்புக்குறி நிஜமாவே தாவித் தாவித்தான் போகுது. டிஸ்பிளே செட்டிங்கைத் திறந்தா 30 ஹெர்ட்ஸ்னு இருக்கு, அதாவது வினாடிக்கு 30 தடவைதான் படம் புதுசாகுது. அவன் பழைய லேப்டாப்ல படம் போற போர்ட் எச்டிஎம்ஐ 1.4, பழைய வகை, அதுல 4கே போனா 30-க்கு மேல ஏறாது. 60 வேணும்னா எச்டிஎம்ஐ 2.0 இருக்கணும், இல்லன்னா டிஸ்பிளே போர்ட். அவன் லேப்டாப்ல நல்ல வேளையா டைப்-சி வழியா படம் போகும். டைப்-சியிலேர்ந்து டிஸ்பிளே போர்ட்டுக்கு ஒரு கேபிள் வாங்கி மாட்டினதும் 60 வந்துடுச்சு. பேனல்ல ஒரு குறையும் இல்ல.

எல்லா டைப்-சியிலயும் படம் வராது, சிலது சார்ஜுக்கும் ஃபைலுக்கும் மட்டும்தான். கடைக்குப் போகும்போது லேப்டாப்பையும் தூக்கிட்டுப் போங்க. அங்கேயே மாட்டி, 60 காட்டுதான்னு பார்த்துட்டுக் காசு குடுங்க.

பெரம்பூர் கணக்கு

"வாங்கவே கூடாது"ங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன் மேடம். எங்கப்பா சவுகார்பேட்டையில ஒரு மொத்த வியாபாரக் கடைக்குக் கணக்கு எழுதறவர். அவருக்கு நான் வாங்கிக் குடுத்தது நீங்க வேண்டாம்னு சொல்ற அதே 27 இஞ்ச் ஃபுல் எச்டிதான். அவர் பயன்படுத்தற பழைய கணக்கு சாஃப்ட்வேர் 4கேயில, விண்டோஸ்ல எழுத்தைப் பெருசாக்கற ஸ்கேலிங்கை 150 சதவீதம் வெச்சா மங்கலாப் போகுது. 100 வெச்சா 4கேயில எழுத்து எறும்பு சைஸ். இதுல ஸ்கேலிங்கே இல்லாம எழுத்து பெருசா வருது. முதல் நாள் ஒரு பில்லைத் திறந்தவர், 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பரை ஒவ்வொண்ணா வாய்விட்டுப் படிச்சு முடிச்சுட்டு, "ஒரு தடவையில படிச்சுட்டேன்டா"ன்னார். அந்தக் குரல் இன்னும் காதுலயே இருக்கு.

இன்னொண்ணு. எல்லாரும் இஞ்சைப் பத்தியே பேசறீங்க, மேஜையை யாரும் அளக்கலை. 24 இஞ்ச் திரைன்னா அகலம் 53 சென்டிமீட்டர், உயரம் 30. 27-ன்னா 60-க்கு 34. 32-ன்னா 71-க்கு 40. 34 இஞ்ச் அல்ட்ராவைடுங்கறது அகலத்துல 80 சென்டிமீட்டர் பிடிக்கும், ஆனா உயரம் 27 இஞ்ச் அளவுதான். பேரைக் கேட்டு 32-ஐ விடப் பெருசுன்னு நினைச்சு வாங்கறவங்க உண்டு. நம்ம வீடுகள்ல இருக்கிற படிக்கிற மேஜை நிறைய 45 சென்டிமீட்டர் ஆழம்தான். ஸ்டாண்டே அதுல பாதியைத் தின்னுடும். அப்புறம் திரை மூஞ்சி மேல வந்து நிக்கும். ஒரு கை நீளம், அதாவது 60 சென்டிமீட்டருக்குக் குறையாம இடைவெளி கிடைக்கலைன்னா 32 பக்கமே போகாதீங்க. பழைய பேப்பரை அந்த அளவுக்கு ஒட்டி வெட்டி, மேஜைக்குப் பின்னாடி சுவத்துல ஒட்டி, உக்காந்து பாருங்க. கழுத்து திரும்புதா, கண்ணு மட்டும் நகருதான்னு தெரிஞ்சுடும்.

பேனல் விஷயத்துலயும் சொல்லிடறேன், அதுல விஏ, ஐபிஎஸ்னு வகை உண்டு. விஏ பேனல்ல கறுப்பு நல்லாக் கறுப்பா இருக்கும், கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 3000-க்கு 1 அளவுக்கு வரும். சாதாரண ஐபிஎஸ் 1000-க்கு 1. ராத்திரி விளக்கை அணைச்சுட்டுப் படம் பார்க்கிறவங்களுக்கு விஏ. ஆனா தட்டையான 32 இஞ்ச் விஏயைக் கிட்ட உக்காந்து பார்த்தா நாலு மூலையும் நிறம் மாறித் தெரியும். இருட்டான காட்சி வேகமா நகர்ந்தா நிழல் இழுக்கும். எழுத்து வேலைக்கும் போட்டோ வேலைக்கும் ஐபிஎஸ்ஸே போதும்.

மயில்கழுத்து

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் புடவைப் படங்களைத் திருத்திக் கொடுக்கிறேன். அங்கே இருந்த பழைய மானிட்டரில் அரக்கு நிறப் புடவை எல்லாம் செங்கல் நிறத்தில் தெரியும். முதலாளி அண்ணாச்சி ஒருநாள் அசல் புடவையையே கொண்டுவந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "ரெண்டும் ஒரே புடவையாம்மா? வாங்குறவங்க எப்படி நம்புவாங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. விலை குறைந்த பேனல்களில் "45 சதவீத என்டிஎஸ்சி" என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அந்த நிற அளவுகோலில் பாதிகூடக் காட்டாது என்று அர்த்தம். அதில் சிவப்பும் பச்சையும் வெளுத்துத்தான் வரும். சாதாரணப் படங்களுக்கான பொது நிற எல்லையான எஸ்ஆர்ஜிபியை நூறு சதவீதம் காட்டும் ஐபிஎஸ் வந்த பிறகு அரக்கு அரக்காகவே வந்தது. அண்ணாச்சி அதே புடவையை மறுபடி பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

நிறத்துக்காக வாங்குகிறவர்கள் "வைட் காமட்" (நிற எல்லை அகலமானது) என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தத் திரையை எஸ்ஆர்ஜிபி மோடில் வைக்காவிட்டால் சாதாரணப் படங்கள்கூடக் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் தெரியும். இன்னும் எனக்குப் பிடிபடாதது மயில்கழுத்துதான். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், மடிப்புக்கு மடிப்பு மாறுகிற பட்டு அது. ஒரே படத்தில் அதைக் காட்ட எந்தப் பேனலாலும் முடியாது. அதற்கு மட்டும் இப்போது வீடியோ எடுத்துப் போடுகிறோம்.

குரோம்பேட்டை ஓய்வு

பையன் வீட்டில் 32 இஞ்ச் மானிட்டர். அங்கே போய் ஒரு மணி நேரம் பேப்பர் படித்தாலே பின்கழுத்து பிடித்துக்கொள்ளும். மருமகள்தான் கவனித்துச் சொன்னாள்: "மாமா, நீங்க மோவாயைத் தூக்கித் தூக்கிப் படிக்கிறீங்க." பைஃபோகல் போட்டிருக்கிறேன், கிட்டத்தில் படிக்கிற பவர் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. திரை உயரமாக இருந்தால் தலையை அண்ணாந்தால்தான் எழுத்து தெளியும். திரையைக் கடைசி வரை இறக்கி, மேல்விளிம்பு என் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரும்படி வைத்தார்கள். வலி குறைந்தது. பிறகு கண்ணாடிக் கடையில் திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தைச் சொல்லி, அதற்கென்றே தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். வயதானவர்களுக்கு வாங்கித் தருகிற பிள்ளைகள் தயவுசெய்து ஸ்டாண்ட் ஏறி இறங்குமா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்தவற்றில் முன்னும் பின்னும் சாய்க்க மட்டும்தான் முடியும்.

வேளச்சேரி புதுசு

எல்லாரும் ஓலெட் வாங்குன்னு சொல்றாங்களே, எக்ஸெல் வேலைக்கு ஆகுமா?

துரைப்பாக்கம் நைட் ஷிப்ட்

ஓலெட்ல ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும், படத்துக்கும் கேமுக்கும் அருமை. ஆனா எக்ஸெல் கட்டமும் கீழே டாஸ்க்பாரும் நாள் பூரா அதே இடத்துல நின்னா, வருஷக் கணக்குல அந்த இடத்துல தடம் விழ வாய்ப்பு இருக்கு. நிறைய ஓலெட்ல சப்பிக்சல், அதாவது பிக்சலுக்குள்ள இருக்கிற சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளோட அமைப்பே வேற, அதனால கறுப்பு எழுத்தோட ஓரத்துல லேசா பச்சையோ சிவப்போ கசியும். எக்ஸெல்லுக்கு வேண்டாம்.

திருவல்லிக்கேணி மெய்ப்பு

பெரம்பூர் சார், உங்கள் அப்பாவுக்கு நீங்கள் வாங்கியதில் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. அவர் படிப்பது எண்கள், பெரிதாகத் தெரிந்தால் போதும். நான் தேடுவது எழுத்தின் தலையில் இருக்கும் ஒரு பொட்டு, அதற்குப் பெரிதாக இருந்தால் போதாது, கூர்மையாகவும் வேண்டும். 4கேதான் வாங்கப் போகிறேன். ஆனால் என் மேஜை நீங்கள் சொன்ன அதே 45 சென்டிமீட்டர். ஸ்டாண்டுக்குப் பதில் கை மாதிரி ஒன்றில் மாட்டலாம் என்கிறார்களே, மேஜை தாங்குமா?

பெரம்பூர் கணக்கு

தாராளமா மாட்டலாம் மேடம், திரை சுவரோட ஒட்டிப் போயிடும், உங்க கணக்குல 15, 20 சென்டிமீட்டர் மிச்சம். மானிட்டர் முதுகுல நாலு திருகு ஓட்டை இருக்கணும், பெரும்பாலும் 100-க்கு 100 மில்லிமீட்டர் இடைவெளியில. சிலதுல அது இருக்கவே இருக்காது, வாங்கும்போதே திருப்பிப் பாருங்க. ஆர்ம் எத்தனை கிலோ தாங்கும்னு அட்டைப்பெட்டியில இருக்கும், ஸ்டாண்ட் இல்லாத எடையோட ஒப்பிடுங்க. கண்ணாடி மேஜைன்னா வேண்டவே வேண்டாம். பார்ட்டிகிள் போர்டுன்னா கிளாம்ப் கடிக்கிற இடத்துல மேலயும் கீழயும் ஒரு பிளைவுட் துண்டு வெச்சு முடுக்குங்க, இல்லாட்டி பலகை நசுங்கிடும். மேஜையைச் சுவத்தை விட்டு நாலு விரக்கடை தள்ளிப் போடுங்க, கை மடங்கறதுக்கு இடம் வேணும்.