எங்கள் குடியிருப்பு வைஃபை அனுபவம்

கேபிள் இழுக்க எந்த நிறுவனமும் முன்வராத ஒரு குடியிருப்பு. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இணையம் கொண்டுபோனோம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளி மாடியில் ஓர் ஆண்டெனா, குடியிருப்பின் பொதுக்கூடத்தின் மேல் இன்னொன்று. இரண்டுக்கும் இடையே 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கம்பியில்லா இணைப்பு. மரங்கள் இலையுதிர்த்து நின்ற காலத்தில் மாட்டினோம், வேகம் அருமை. மழை வந்து மரங்கள் துளிர்த்ததும் லைன் விட்டு விட்டு வந்தது. இலையில் இருக்கும் நீர் இந்த அலைவரிசையை உறிஞ்சிவிடும். மரத்தை வெட்ட மனம் வரவில்லை. கம்பத்தை மூன்று மீட்டர் உயர்த்தினோம், சரியாகிவிட்டது.

அப்புறம் ஒரு அம்மா உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்தார். வேலை செய்து காய்ப்பேறிய விரல்கள். திரையில் அழுத்துகிறார், அழுத்துகிறார், எழுத்து விழவே இல்லை. "என் கை இதுக்கு ஆகாது போல தம்பி" என்று கையை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு நெஞ்சு கனத்துப் போனது. அவர் கையில் குறையே இல்லை. வறண்டு தடித்த தோலைத் தொடுதிரை சரியாக உணராது, அவ்வளவுதான். ஈரத்துணியில் விரலைத் துடைத்ததும் எழுத்து வந்தது. படிவம் முடியும் நேரத்தில் ஓடிபி, வெளியூரில் வேலை செய்யும் மகன் போனுக்குப் போனது. அவர் எடுப்பதற்குள் நேரம் தீர்ந்து, எல்லாம் முதலிலிருந்து. மூன்றாம் முறைதான் முடிந்தது.

அன்றிலிருந்து மாலை வேளைகளில் எங்களில் ஒருவர் கூடத்தில் உட்காருகிறோம். விசைப்பலகையோடு பழைய கணினி ஒன்றும் வைத்திருக்கிறோம்.

*

மேலே உள்ள குடியிருப்பு அனுபவத்தைப் படித்துவிட்டு ஒரு நூலகத்திலிருந்து எழுதுகிறோம். அந்த ஓடிபி கதை எங்களுக்கும் உண்டு. 2024-இல் உலகில் சுமார் 260 கோடி பேர் இணையத்துக்கு வெளியே இருந்ததாகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு டவர் எட்டுகிறது. தடுப்பது செலவு, கருவி, பழக்கம் இவைதான்.

எங்கள் நூலகத்தில் ஹாட்ஸ்பாட் கருவியை வீட்டுக்கு இரவல் தருகிறோம். முதல் மாதம் பத்தே நாளில் டேட்டா தீர்ந்தது. பிள்ளைகள் வீடியோ பார்த்திருப்பார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னோம். பார்த்தால், போன்கள் தாமாகவே அப்டேட் இறக்கியிருந்தன. பிள்ளைகளைச் சந்தேகப்பட்டது இன்னும் உறுத்துகிறது. இப்போது கருவி தரும்போதே தானியங்கி அப்டேட்டை நிறுத்தக் காட்டித் தருகிறோம். விக்கிப்பீடியாவைக் கிவிக்ஸ் என்ற, இணையம் இல்லாமலே படிக்க உதவும் செயலி மூலம் மெமரி கார்டிலேயே ஏற்றியும் கொடுக்கிறோம், அதைப் படிக்க டேட்டா வேண்டியதில்லை. மாதக் கடைசி வரை தாங்குகிறது.