பேரைச் சொன்னதும் வீடு 'போய்விட்டது'

கேள்வி:
வாடகை வீட்டு விளம்பரம் பார்த்து நேற்று போன் செய்தேன். அந்த அம்மா நன்றாகத்தான் பேசினார். எத்தனை பேர், என்ன வேலை என்று விசாரித்தார். பேரைச் சொன்னேன். சின்ன மௌனம். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார், சொன்னேன். "அடடா, நேற்றே ஒருத்தர் முன்பணம் கொடுத்துவிட்டாரே" என்று வைத்துவிட்டார். அரை மணி கழித்து, அவர் இனத்தைச் சேர்ந்த என் அலுவலக நண்பன் அந்த அம்மாவுக்குப் போன் செய்தான். சாயங்காலமே வந்து பாருங்கள் என்றாராம்! இது பாகுபாடுதானா, இல்லை நான் பெரிதாக்குகிறேனா?

பதில் 1:
பெரிதாக்கவில்லை. தெரியாமலேயே நீங்கள் செய்தது பழைய சோதனை முறை. அமெரிக்காவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பேரை மட்டும் மாற்றி ஒரே தரத்திலான வேலை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். கறுப்பினத்தவர் பேர் இருந்தவற்றைவிட, வெள்ளையர் பேர் இருந்தவற்றுக்குச் சுமார் 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது.

பதில் 2:
ஒரு போனை வைத்து முடிவு கட்டாதீர்கள். முன்பணம் கொடுத்தவர் அதற்குள் பின்வாங்கியிருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
இருக்கலாம்தான். ஆனால் இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு. மூன்றிலும் பேர் கேட்கும்வரை காலியாகத்தான் இருந்தது.

பதில் 3:
சரி, இரண்டு அழைப்புகளின் நேரம் போனிலேயே இருக்கும், அழிக்காதீர்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்த அம்மா சொன்னதை நண்பரிடம் இன்றே எழுதி வாங்குங்கள். 1965இன் ஐ.நா. இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையிலேயே வீட்டுவசதி உரிமையும் சேர்ந்திருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் தனியார் வாடகைக்கும் பொருந்துமா என்று முதலில் பாருங்கள். அப்புறம், அந்த வீட்டை நண்பர் போய்ப் பார்த்தாரா?