ஹெம்ப் பூவை முதன்முறை பாவிப்பவர் அறிய வேண்டியவை

கோண்டாவில் வாசகர்:
கனடாவிலுள்ள அண்ணர் மூட்டுவலிக்கும் தூக்கமின்மைக்கும் ஹெம்ப் பூ பாவிக்கிறார்; அடுத்த மாதம் யாழ்ப்பாணம் வரும்போது எனக்கும் கொண்டுவருவதாகச் சொல்கிறார். அது போதை தராது என்பது சரியா? புதிதாகப் பாவிப்பவர் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

நல்லூரான்:
தம்பி, ஹெம்ப்பும் கஞ்சாவும் ஒரே தாவரம்தான். போதை தரும் டிஎச்சி என்ற வேதிப்பொருள் 0.3 சதவீதத்துக்கு மேற்படாத செடியையே கனடாவில் ஹெம்ப் என்கிறார்கள். ஆனால் இலங்கைச் சட்டத்தில் அந்தப் பூவும் கஞ்சாவே, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அண்ணரின் பயணப்பையில் அகப்பட்டால் சிறை செல்ல நேரிடும். தயவுசெய்து இன்றே அவரைத் தடுத்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற மருந்தாளர்:
அனுமதியுள்ள நாட்டில் இருப்பவரும் டிஎச்சி அளவைக் காட்டும் ஆய்வுகூட அறிக்கையைப் பார்த்தே வாங்க வேண்டும். புகைத்தால் சில நிமிடங்களில் தெரியும் விளைவு, உண்டால் ஒன்றிரண்டு மணித்தியாலம் கழித்தே தெரியும் என்பதால், பொறுமையிழந்து மீண்டும் எடுப்பவர்களே பெரும்பாலும் அவதிப்படுகிறார்கள். இதிலுள்ள, போதை தராத சிபிடி என்ற வேதிப்பொருள், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவரின் இரத்தத்தை மேலும் இளக்கக்கூடும். சிறுநீர்ப் பரிசோதனையில் டிஎச்சி அகப்படவும் கூடும். எந்தப் புகையும் நுரையீரலுக்குக் கேடுதான்.

கோண்டாவில் வாசகர்:
நன்றி ஐயா. அம்மா வார்ஃபரின்தான் எடுக்கிறார். அவருக்கும் கொடுக்க எண்ணியிருந்தேன். அண்ணருக்கு இப்போதே அறிவிக்கிறேன்.

நல்லூரான்:
மூட்டுவலிக்குக் கைதடி சித்த போதனா வைத்தியசாலையில் காட்டுங்கள். அம்மாவின் மருந்துத் துண்டையும் கொண்டுசெல்லுங்கள்.